ஐம்பதுக்கு முப்பத்தொன்பது

மூன்றாவது முறையும் எங்கள் மகள் ஓப்பலுக்கு முப்பத்தொன்பதுதான் வந்தது.

ஐம்பது கேள்வி. நாற்பது சரியாக இருந்தால் பிள்ளை அல்ஜீப்ராவுக்குத் தயார் என்று தேர்வுத்தாளின் தலைப்பிலேயே அச்சடித்திருந்தது. டிசம்பரில் முப்பத்தொன்பது. ஜனவரியில் முப்பத்தொன்பது. இப்போது பிப்ரவரி முடிகிற நேரம்.

நான் ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். ராத்திரி முழுக்கக் கோழி வெட்டும் இயந்திரங்களைச் சுடுநீர் அடித்துக் கழுவுகிற வேலை. காலை எட்டு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் மற்றவர்களுக்குப் பொழுது தொடங்கும், எனக்கு முடியும். என் மனைவி ட்ரீனா தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே ஒரு மார்க்கு, வெர்ன். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மார்க்கு."

"இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்."

"பன்னெண்டு வயசாச்சு. இனிமே எங்கிட்ட ஒண்ணும் இல்ல. பின்னம் வரைக்கும் அவளுக்கு ஒரு பக்கம் முன்னாடி ஓடிட்டு இருந்தேன். அதுக்கு மேல புத்தகத்தைத் திறந்தா எனக்கே கண்ணைக் கட்டுது."

"முடியலைன்னா சொல்லு. ரோட்டு முனையில மஞ்சள் ஸ்கூல் பஸ் வரத்தான் செய்யுது."

இதை நான் ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைப்பது ட்ரீனாவின் முடிவு. பாதி கேலிக்குத்தான் சொல்வேன். மீதிப் பாதி கேலி இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஓப்பல் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். அம்மா எந்த அறைக்குப் போனாலும் இவளும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போவாள். பூனைக்குட்டி மாதிரி என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

தாளைச் சாப்பிட்டுக்கொண்டே புரட்டினேன். தோற்பதைப் பற்றி எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் இதே அல்ஜீப்ராவில் தோற்றுத்தான் பள்ளியை விட்டேன். தோற்கிறவன் தாள் கசங்கியிருக்கும். அழித்து அழித்துக் காகிதம் கிழிந்திருக்கும். பாதியில் விட்ட கணக்கு இருக்கும். ஓப்பல் தாளில் அப்படி எதுவும் இல்லை. இரண்டு தொட்டிகள் எத்தனை மணிக்கு நிரம்பும் என்ற கணக்கை மூன்று வரியில் முடித்திருந்தாள், விடை சரி. அடுத்த கேள்வியில் ஆறேழு நாற்பத்து நாலு என்று எழுதியிருந்தாள்.

பழைய இரண்டு தாள்களையும் எடுத்து வரச் சொன்னேன். டிசம்பரில் தப்பான பதினொன்றும் ஜனவரியில் சரி. ஜனவரியில் வேறு பதினொன்று தப்பு. மூன்று தாளிலும் தப்பு பதினொன்றுதான். பத்தும் இல்லை, பன்னிரண்டும் இல்லை.

"ஓப்பல், இங்க வா. ஆறேழு எவ்வளவு?"

அவள் அம்மா பக்கம் ஒரு அடி நகர்ந்தாள்.

"கேக்கிறேன்ல?"

"நாப்பத்திரெண்டு."

"அப்புறம் ஏன்டி தப்பா எழுதின?"

ட்ரீனா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "வேணும்னா? வேணும்னே தப்பா எழுதினியா?"

"முப்பத்தொம்பதே மூணு தடவை எடுக்கணும்னா அம்பதும் தெரிஞ்சிருக்கணும்," என்றேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. "இவ தயார். எப்பவோ தயார். அந்த டன்லாப் அம்மாவுக்கு போன் போடு."

டன்லாப் அம்மா வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு தேவாலயக் கூடத்தில் அல்ஜீப்ரா எடுப்பவர். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல். நான் தூங்கும் நேரம், ஆகவே ட்ரீனாதான் வேனை ஓட்டிப் போகவேண்டும். அதுவரை அவள் ஓட்டியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு, மூன்று நிமிடம். சாமான் வாங்க நான்தான் போவேன்.

"வேண்டாம்ப்பா," என்றாள் ஓப்பல்.

"ஏன்?"

"ரோடு வளைவா இருக்கு."

"ரோட்டுக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். ட்ரீனா சிரித்தாள். "சோம்பேறி. காலையில எந்திரிக்கணுமேன்னு பயம்."

"அம்மா பாடத்துக்கு நடுவுல சில சமயம்..." என்று ஓப்பல் ஆரம்பித்தாள்.

"நான் பகல் கனவு காணுறேனாம்," என்றாள் ட்ரீனா என்னிடம். "ஏற்கெனவே எங்கிட்ட ஒரு புகார் வந்துச்சு. உங்க அப்பாகிட்ட சொல்லாத, அவரு மஞ்சள் பஸ்ஸைக் கூப்பிட்டுருவாருன்னேன்."

நானும் சிரித்தேன். "கூப்பிட்டாலும் கூப்பிடுவேன்."

ஓப்பல் மூன்று தாளையும் மடித்து எடுத்துக்கொண்டாள். நான் தூங்கப் போனேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து, மார்ச் இருபது, முதல் வகுப்பு. அதற்கு முந்தைய நாள்களில் ஓப்பல் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டாள், வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடலாமா, எங்கும் நிற்கக் கூடாது என்று. வரலாம் என்றேன். அவள் தலையாட்டின விதம், கடைக்காரர் கேட்ட விலைக்குச் சம்மதிக்கிற பெரிய மனுஷி மாதிரி இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஆலையில் ஒரு வடிகால் அடைத்துக்கொண்டது. வீடு வந்து சேர எட்டே கால். வேன் இல்லை. தட்டு மூடிவைத்திருந்தது. பக்கத்தில் மணிக்கணக்கு நோட்டு கிடந்தது.

எங்கள் மிசூரி மாநிலத்தில் வீட்டுப் பள்ளி நடத்துகிறவர்கள் வருஷத்துக்கு ஆயிரம் மணி நேரம் பாடம் நடந்ததாக எழுதி வைக்கவேண்டும். யாரும் வந்து பார்ப்பதில்லை. ஆனாலும் எழுதவேண்டும். பொறுப்பு வரட்டும் என்று ட்ரீனா அந்த வேலையை ஓப்பலுக்கு ஒன்பது வயதிலேயே கொடுத்துவிட்டாள். பிள்ளை அதை நீதிமன்றப் பதிவேடு மாதிரி எழுதினாள். ஒரு தடவை படித்துவிட்டு நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்: "கணக்கு, 1 மணி. கழிவு 11 நிமிடம், பூனை குட்டி போட்டது." அதற்குப் பிறகு நான் அந்த நோட்டைத் தொட்டதில்லை.

அல்ஜீப்ரா என்று முதன்முதலாக எப்படி எழுதியிருக்கிறாள் என்று பார்க்கத்தான் திறந்தேன்.

இன்றைய தேதி போட்டிருந்தது. எதிரே ஒன்றும் இல்லை. முந்தைய பக்கங்களைத் திருப்பினேன்.

மார்ச் 7. "வரலாறு, 1 மணி. கழிவு 5 நிமிடம், அம்மா இல்லை."

கோழிக்கூட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தேன். இன்னும் திருப்பினேன். பிப்ரவரி 17, கழிவு 4 நிமிடம், அம்மா இல்லை. ஜனவரி 25, 3 நிமிடம். "அம்மா இல்லை. நாற்காலியில்தான் இருந்தாள். கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன்." டிசம்பர் 29, 2 நிமிடம். "கையில் தேக்கரண்டியைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். அப்புறம் விட்ட வரியிலிருந்து படித்தாள். கேட்டதற்குத் தெரியாது என்றாள்." நவம்பர் 25. அக்டோபர் 18.

தட்டை நகர்த்தி வைத்தேன்.

நோட்டின் கடைசியில் ஒரு கட்டம் போட்ட தாள் மடித்து வைத்திருந்தது. விரித்தேன். ஐந்து புள்ளி. அம்மா 'இல்லாத' ஒரு நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள் என்று: 38, 34, 27, 23, 18. புள்ளிகளுக்கு நடுவே அடிக்கோல் வைத்து ஒரு கோடு. எல்லாப் புள்ளியையும் தொடவில்லை, ஆனால் நடுவாகப் போயிற்று. கீழ்நோக்கி. அந்தக் கோட்டில் அடுத்த இடத்தில் புள்ளி இல்லாமல் ஒரு எழுத்து மட்டும் இருந்தது. 'அ'. அடியில் எழுதியிருந்தாள்: அ = 18 - 5. அ = 13.

மார்ச் ஏழோடு பதின்மூன்றைக் கூட்டுவதற்கு எனக்குப் பள்ளி தேவைப்படவில்லை.

இவளுக்கு யாரும் அல்ஜீப்ரா சொல்லிக் கொடுக்கவில்லை. என்னை ஒன்பதாம் வகுப்பில் துரத்தின விஷயத்தை இந்தப் பிள்ளை சமையலறை மேஜையில் தானாகவே கண்டுபிடித்திருந்தாள், அம்மா அடுத்து எப்போது காணாமல் போவாள் என்று தெரிந்துகொள்ள. தாளின் ஓரத்தில் இன்னொரு வரிசை: 1:10, 12:40, 2:05, 1:30, 12:25, 1:15. எல்லாம் மத்தியானம். அதற்குக் கீழே: "வகுப்பு 9 முதல் 11. வீடு 12க்குள். சரி."

கோடு அங்கே நிற்கவில்லை. 8, 3 என்று இறங்கிக்கொண்டே போய்ப் பூஜ்யத்தைத் தொடும் இடத்தில் பென்சிலை அழுத்தி அழுத்தித் தாளில் ஓட்டை போட்டிருந்தாள்.

ட்ரீனாவுக்கு போன் போடப் போய் நிறுத்தினேன். வளைவில் இருக்கும்போது மணி அடித்தால்? அந்தப் பள்ளத்தாக்கில் போனும் எடுக்காது. என் பிக்கப் டிரக்கைக் கிளப்பினேன்.

மணி எட்டரை கூட ஆகவில்லை. பிள்ளை கணக்குப்படி இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அதையே சொல்லிக்கொண்டு ஓட்டினேன். ஒவ்வொரு வளைவிலும் வேலி உடைந்திருக்கிறதா என்று பார்த்தேன். எதிரே வைக்கோல் ஏற்றின லாரி வந்தது. அது எங்கள் வேனைத் தாண்டித்தானே வந்திருக்கும், ஓட்டுநர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். பதினேழு மைல் தாண்டி, ஓடைப்பாலத்துக்கு அப்பால், இறக்கத்தில் வேன் நின்றது. மூக்கு ஒரு தேவதாரு மரத்தில் உரசியிருந்தது. விளக்குகள் விட்டு விட்டு எரிந்தன. வலப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு அடி தள்ளி ஓடைக்கரை அறுந்து போயிருந்தது.

ஓப்பல் முன்னிருக்கையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். வண்டி நின்று எவ்வளவு நேரம் ஆனாலும் விடமாட்டாள் போல. ட்ரீனா நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு எதையோ மென்றுகொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினேன். கண்ணுக்குள் யாரும் இல்லை.

"எவ்வளவு நேரமா?"

"ஆறு நிமிஷம்," என்றாள் ஓப்பல். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். "ஆறு நிமிஷம் பத்து செகண்டு. கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். பக்கத்து வயல்ல டிரக் ஓட்டும்போது செய்வேன்ல, அந்த மாதிரி. பிரேக்குக்குக் கால் எட்டல. அம்மா காலு இருந்துச்சு. அதான் மரத்துல விட்டேன்."

"சரி. கையை எடு. நான் பிடிச்சுக்கிறேன்."

அவள் எடுக்கவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன்.

ஏழாவது நிமிடத்தில் ட்ரீனா கண்ணைச் சிமிட்டினாள். என்னைப் பார்த்தாள்.

"வெர்ன்? இங்க என்ன பண்ற? தூங்கல?" பிறகு மரத்தைப் பார்த்தாள். "ஏன் வண்டி நிக்குது? மான் குறுக்க வந்துச்சா?"

"சாவியைக் குடு, ட்ரீனா."

"எதுக்கு? வகுப்புக்கு நேரமாச்சு. மொத நாளே லேட்டாப் போனா அந்தம்மா என்ன நினைக்கும்? நான் கண்ணைத்தான் மூடித் திறந்தேன், அதுக்குள்ள நீ..."

சாவியை நானே உருவினேன். அவளுக்குக் கோபம் வந்தது. முன்னெல்லாம் பயந்தால்தான் அவளுக்கு அப்படிக் கோபம் வரும். கட்டத் தாளை அவள் மடியில் வைத்தேன். எனக்கு வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் புள்ளிகளைப் பார்த்தாள், தேதிகளைப் படித்தாள், கோட்டின் மேல் விரலை வைத்து இறக்கிக்கொண்டே போனாள்.

"இந்த 'அ' என்னது?" என்று மகளிடம் கேட்டாள்.

ட்ரீனாவின் விரல் ஓட்டையில் போய் நின்றது. அப்புறம் அவள் கேட்கவில்லை.

இரண்டு பேரையும் பிக்கப்பில் ஏற்றினேன். மருத்துவமனை இன்னும் முப்பது மைல். ட்ரீனா நடுவில் உட்கார்ந்தாள், ஓப்பல் ஜன்னலோரம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லாமல் நானே ஓட்டிக்கொண்டு போனது சரியா என்று யோசித்துக்கொண்டு போனேன். தூக்கம் இல்லாத கண். இந்த வீட்டில் வண்டி ஓட்டத் தகுதியான ஆள் யார் என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குப் பிடித்திருக்காது.

"பன்னெண்டு மணிக்கு மேலதான்பா வரணும்," என்றாள் ஓப்பல், கண்ணாடியைப் பார்த்தபடி. "அதனாலதான் சரின்னேன். ஆறு தடவையும் மத்தியானம்தான்."

"தெரியும். பார்த்தேன்."

"எங்க தப்புன்னு இப்பத்தான் தெரியுது. அந்த ஆறு தடவையும் அம்மா ஏழு மணிக்கு எந்திரிச்ச நாளு. இன்னிக்கு வகுப்புக்காக மூணுக்கே எந்திரிச்சா. அதை நான் கணக்குல சேர்க்கல."

ட்ரீனா மகளின் கையைப் பிடித்தாள். பிள்ளை கையை விடுவித்துக்கொண்டாள். அந்தக் கையில் கடிகாரம் இருந்தது. அவளுக்கு அது தேவைப்பட்டது.