அச்சு அசல் மெஷின்

வீடியோ கேமுக்கு கிராபிக்ஸ் முக்கியமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆபீசில் அதைச் சொல்கிறவள் காயத்ரி. புரோகிராம் எழுதுவது அவள், படம் போடுவது நான். “ரூல்ஸ் சரியா இருந்தா போதும், கட்டம் கட்டமா இருந்தாகூட ஆடுவாங்க” என்பாள். அப்படியானால் நீ கல்யாணத்துக்குக் கோணிப்பையைச் சுற்றிக்கொண்டு போ என்பேன்.

தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி. அங்கே தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து டை என்கிற இரும்பு அச்சு இறங்கி அச்சடிக்கும் பிரஸ் மெஷின்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் பழகுவதற்கு ஒரு கேம் கேட்டார்கள். பழைய கேம் ஒன்று இருந்தது. அதில் வருகிற ஆள், தீப்பெட்டிக்குக் கைகால் முளைத்த மாதிரி இருப்பான். பெண்கள் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார்களாம். நான் விடுவேனா? மெஷினை நானூறு போட்டோ எடுத்தேன். எண்ணெய்க் கறை, பெயின்ட் உரிந்த இடம் என்று ஒன்று விடாமல் கொண்டுவந்தேன். கை குறுக்கே போனால் மெஷினை நிறுத்துகிற சென்சார், இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பமாக நிற்கும். அதன் பச்சை விளக்கு மட்டும் இரண்டு நாள் வேலை.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனியிலேயே ஆறு பெண்கள் ஆடினார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஆறு பேரும் மெஷினுக்குப் போய்விட்டார்கள். அன்று பத்து மணிக்கு, பதினைந்து வருஷமாகப் பிரஸ் ஓட்டும் விக்டோரியா அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பாராட்டு வாங்கத்தான், வேறெதற்கு?

“யப்பா, அச்சு அசல் எங்க மெஷினே! கிரீஸ் வாசனதான் வரல தம்பி” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரையில் ஒரு தகடு சிக்கியது. அக்கா அதை எடுக்க, கேமில் கை உள்ளே போனது. மெஷின் உடனே நின்றது. அக்கா மவுஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இது ஏன் நின்னுச்சு?”

“சென்சார் இருக்கேக்கா.”

“அத்தத்தான் ஒயர் போட்டு கட் பண்ணிட்டாங்களே! சும்மா சும்மா நின்னா பீஸ் கொறையுதுன்னு. கம்பத்துக்குக் கம்பம் டேப் சுத்திக்கினு ஒரு செவப்பு ஒயரு தொங்குமே, அது எங்க? அத்தப் பாத்தாதான் எங்களுக்கே கைய விடக்கூடாதுன்னு நெனப்பு வரும். பச்ச லைட்டு சும்மா எரிஞ்சிக்கினேதான் இருக்கும்.”

அந்த ஒயர் என் போட்டோ எல்லாவற்றிலும் இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அழித்தவன் நான். அது என்ன ஒயர், எதற்குத் தொங்குகிறது என்று ஒருவரிடம்கூடக் கேட்கவில்லை.

“ஐயோ, அந்தப் பொண்ணுங்க!” என்று அக்கா எழுந்து ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

நிறுத்துங்கள் என்று நான் கத்தியது மெஷின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. முதல் மெஷினிலேயே மோனிகா, நேற்று கேம் ஆடியவர்களில் ஒருத்தி, பத்தொன்பது வயது. சிக்கிய தகட்டை எடுக்க மணிக்கட்டு வரை உள்ளே விட்டிருந்தாள். கால் பெடல்மேலேயே இருந்தது. அக்கா அவளைப் பின்னாலிருந்து இடுப்போடு கட்டி இழுத்தார். இழுத்த இழுப்பில் அவள் கால் பெடலை மிதித்துவிட்டது. டை இறங்கி, சிக்கிய தகட்டை நசுக்கிவிட்டு ஏறியது. அக்கா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து விரல்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மோனிகாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னாத்துக்குண்ணா இப்டி பயப்படறீங்க? நாங்க எல்லாரும் காலைலருந்து கைய விட்டுத்தான் எடுத்துக்கினு இருக்கோம். பச்ச லைட்டு எரியுதே. உங்க கேம்ல நின்னுச்சே!”

மற்ற ஐந்து மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன.