அம்மா உப்பு டப்பாவை எடுத்து

1

இந்தக் கதை ஒரு கத்தரிக்காயில் ஆரம்பித்தது என்று எழுதினால் செவெரினா அத்தை கோபித்துக்கொள்வாள். அவளைக் கேட்டால், அவளுடைய அண்ணனிடமிருந்து ஆரம்பித்தது என்பாள். அம்மாவைக் கேட்டால் எழுதவே வேண்டாம் என்பாள். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன நவம்பர் இரண்டாம் தேதி, மதியம் பன்னிரண்டு மணி தாண்டியதும், கொச்சபம்பா நகரில் எங்கள் வீட்டு மேசை முன்னால் நின்று அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். எட்டு மாதமாகச் சொல்லாமல் இருக்கிறேன். இப்படியே போனால் மென்று விழுங்கிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது, அதனால் எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கதைக்கும் எனக்கும் ஆகாது. நான்கு தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். அதில் இரண்டு:

"தெல்ஃபின் தெர்சேரோஸ் இறந்தபோது அவர் சட்டைப்பையில் ஒரு சமையல் குறிப்பு இருந்தது."

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய். சட்டைப்பையில் பல்குத்தும் குச்சிதான் இருந்தது. குறிப்பு அவருடைய டாக்சியில், வெயில் மறைக்கும் தட்டிக்குப் பின்னால் செருகியிருந்தது.

"எர்மினியாவின் சமையலறை ஜன்னல் வழியே பார்த்தால் மலை"

[வேண்டாம். இந்த ஊரில் மலை எல்லார் ஜன்னலிலும் இருக்கிறது.]

2

தெல்ஃபின் என் அப்பா. எர்மினியா என் அம்மா. அப்பா ஷேர் டாக்சி ஓட்டினார், காலையிலிருந்து இருட்டும்வரை ஒரே தடத்தில். வண்டியில் ஏறும் பெண்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு உங்க வீட்ல என்ன சமையல்?" என்பதுதான். வேறு யாராவது கேட்டிருந்தால் செருப்பு பறந்திருக்கும். அப்பா கேட்டால் செய்முறை வந்தது. சிக்னலில் நிற்கும்போது பழைய ரசீதுகளின் பின்பக்கம் அதைக் கிறுக்கிக்கொள்வார்.

இதில் ஒரு சிக்கல். பயணிகள் தங்கள் நிறுத்தம் வந்ததும் இறங்கிவிடுவார்கள், செய்முறை பாதியில் நிற்கும். "வேர்க்கடலையை அரைத்துப் பாலில்" என்று ஒரு ரசீது. "அடுப்பை அணைத்த உடனே மறக்காமல்" என்று இன்னொன்று. மறக்காமல் என்ன செய்ய வேண்டும் என்பது பாலத்தருகே இறங்கிப் போய்விட்டது. அம்மா சலிக்காமல் மீதியைத் தன் மனம்போல முடிப்பாள். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் அப்படி ஒரு புதுச் சமையல். முப்பத்தொரு வருடம்.

சமைக்கும்போது அம்மா ருசி பார்க்க மாட்டாள். முதல் வாய் அப்பாவுக்கு. அவர் கண்ணை மூடி மெல்லுவார். நாங்கள் கரண்டியைத் தொடாமல் காத்திருப்போம்.

"எல்லாம் இருக்கு கிழவி. உப்பு மட்டும்தான் நம்ம வீட்டுக்கு வர வழி தெரியாம நிக்குது."

"உனக்கு நாக்குக்குப் பதிலா உப்புக்கல்லு வச்சுத் தச்சிருக்காங்க."

"கல்லு கரைஞ்சு போச்சு, அதான் கேக்குறேன்."

அவரே எழுந்து போய் உப்பு டப்பாவைக் கொண்டுவருவார். புதிய குறிப்பு என்றால் அம்மாவுக்கு அதிலேயே கவனம், உப்பை மறந்துவிடுவாள். எப்போதும் இல்லை. பத்துக்கு ஐந்து.*

பிடித்திருந்தால் அப்பா தட்டை வழித்துவிட்டுச் சொல்வார்: "அருமையா இருந்துச்சு. இனிமே செய்யாத." அதைவிடப் பெரிய பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது.

* கணக்கு வாத்தியார் என்பதற்காக நான் எண்ணி வைத்திருப்பேன் என்று நினைக்காதீர்கள். எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

3

கத்தரிக்காய்க் குறிப்பு அவர் கடைசியாகக் கொண்டுவந்தது. அப்பா கத்தரிக்காய் சாப்பிட்டதே இல்லை. "அந்த ஊதாக் காய எப்ப பண்ணுவ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு அப்போது இடுப்புவலி. "அது எண்ணெயக் குடிக்கும். அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்றாள். மூன்று ஞாயிறு சோறும் முட்டையும். அவர் முணுமுணுக்காமல் சாப்பிட்டார், ரசீதைத் திரும்ப வண்டியிலேயே வைத்துக்கொண்டார். நான்காவது ஞாயிறு வருவதற்குள், ஒரு வியாழக்கிழமை, சிக்னலில் வண்டி நின்றிருந்தபோது அவருடைய இதயமும் நின்றுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள்தான் எட்டி எஞ்சினை அணைத்தாள்.

[இங்கே அழுகிற மாதிரி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். எனக்கு அப்பா வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பத்தியில் இருந்தது.]

இறந்தவர்களுக்கு நாங்கள் மூன்று வருடம் மேசை போடுவோம். நவம்பர் ஒன்றாம் தேதி மதியம் வருவார்கள், மறுநாள் மதியம் போய்விடுவார்கள். மூன்றாவது வருடத்தோடு வழியனுப்பிவிட வேண்டும், அதன்பிறகு தனி மேசை கிடையாது. அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதை மேசையில் வைக்க வேண்டும். அவர்கள் போனபின் நாம் எடுத்துச் சாப்பிடலாம், ஆனால் அதில் ருசி இருக்காது. ருசியைத்தானே அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். இது செவெரினா அத்தை சொல்வது. எனக்கு நிரூபணம் வேண்டும் என்று முன்பெல்லாம் சொல்வேன்.

முதல் வருடம் மஞ்சள் மிளகாய்க் கோழி வைத்தோம். அப்பாவுக்குப் பிடித்தது, எல்லா விசேஷத்துக்கும் அதுதான். இரண்டாம் தேதி மதியம் அத்தை ஒரு வாய் எடுத்தாள். "சப்புன்னு இருக்கு அண்ணி. வந்துட்டுப் போயிருக்கு" என்று அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் சப்பென்றுதான் இருந்தது.

இரண்டாவது வருடமும் அதே கோழி. காரம், புளிப்பு, உப்பு, எல்லாம் கச்சிதம். நாக்கில் வைத்ததும் தெரிந்துவிட்டது. "கொஞ்சம் ருசி கொறைஞ்சாப்பலதான் இருக்கு" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு இரண்டாவது முறை போட்டுக்கொண்டாள்.

அம்மா பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஒரே சாப்பாட்ட ரெண்டு தடவ வச்சேன்ல. எப்படித் தொடுவான்?"

4

செவெரினா அத்தை மீது எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆளாக அல்ல, பாத்திரமாக. முதல் பிரதியில் அவளை வில்லியாக்கியிருந்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் பொய் சொல்லி இரண்டாவது முறை போட்டுக்கொண்டவளை எந்தக் கணக்கில் வில்லி ஆக்குவது? அவளுக்கும் அண்ணன் ஒருவர்தான். அவள் பேசியதை அப்படியே தருகிறேன், நீங்களே பாருங்கள்.

மூன்றாவது வருடம், அக்டோபர் கடைசியில், அம்மா ரசீதை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"கத்தரிக்காயா? என்ன அண்ணி, செத்தவங்க மேசையில போய்ப் பரீட்ச பண்ணுவாங்களா? அண்ணனுக்குப் பிடிச்சதத்தான் வைக்கணும்."

"உன் அண்ணனுக்குப் பிடிச்சதத்தான் வைக்கப் போறேன். இதுவரைக்கும் திங்காதது."

"திங்காதது பிடிக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பத்தொரு வருஷம் ஞாயித்துக்கிழமை சமைச்சவ நானா நீயா?"

"சரி, நீங்கதான். தொடாமப் போயிட்டா? இதுதான் கடைசி அண்ணி. அடுத்த வருஷம் கூப்பிட முடியாது. பசியோட அனுப்பிட்டு நாம எப்படி உக்காந்து சாப்பிடுறது?"

அம்மா ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

5

ஒன்றாம் தேதி காலை. கன்ச்சா சந்தையில் வாங்கிய நான்கு கத்தரிக்காய்கள். அம்மாவுக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை, அதனால் நான் முக்காலியில் உட்கார்ந்து அப்பாவின் கையெழுத்தை வாசித்தேன். அவர் எழுத்து வண்டி குலுங்கிய இடத்தில் எல்லாம் குலுங்கியிருந்தது.

"'ரெண்டாப் பிளந்து சதையச் சுரண்டு.'"

"சுரண்டியாச்சு."

"'வெங்காயம் சிவக்கட்டும். கொத்துக்கறி. வேகவச்ச கினோவா தானியம் ஒரு கை.'"

"யார் கை? அவன் கையா, என் கையா?"

"எழுதலம்மா."

"அவன் கைன்னா ரெண்டு என் கை."

இரண்டு கை போட்டாள். கிளறினாள். வாசனை நன்றாக வந்தது, ஆனால் அம்மா வழக்கம்போல ருசி பார்க்கவில்லை.

"அப்புறம்?"

"'எல்லாத்தையும் தோலுக்குள்ள அடைச்சு, பிறகு அதன் மேல்.' அவ்வளவுதான்."

"எறங்கிட்டாளா மகராசி?" என்று அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு மூன்று வருடமாகியிருந்தது. "மேல என்ன, பாலாடைக்கட்டிதான்." கட்டியை உதிர்த்து ஒரு பக்கம் வைத்தாள். அடைப்பதற்கு முன்னால் கறிக் கலவையை இன்னொருமுறை கிளறினாள். பிறகு, ஏதோ நினைவு வந்ததுபோல, அலமாரிப் பக்கம் திரும்பினாள். அம்மா உப்பு டப்பாவை எடுத்து

வாசல் மணி அடித்தது. செவெரினா அத்தை. ஒரு கூடையில் ஆன்மா இறங்கி வருவதற்கான ரொட்டி ஏணி, குழந்தை உருவில் சுட்ட ரொட்டிகள். இன்னொரு கூடையில் துணியால் மூடிய ஒரு சின்னப் பானை.

"அது என்ன?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

துணியை விலக்கினால் மஞ்சள் மிளகாய்க் கோழி.

"பசிச்சா என்ன பண்ணும்னுதான்" என்றாள் அத்தை, தரையைப் பார்த்துக்கொண்டு.

அம்மா பானையை வாங்கி, தானே மேசையின் ஓரத்தில் வைத்தாள். நடுவில் கத்தரிக்காய்க்கு இடம் விட்டாள்.

[ஒரு வாக்கியத்தை முடிக்காமல் வந்துவிட்டேன் என்று தெரியும். மணி அடித்ததால் நான் பார்க்கவில்லை என்று நினைக்காதீர்கள். கதவைத் திறந்தது அம்மா அல்ல, நானும் அல்ல. அத்தையிடம் சாவி இருக்கிறது, மணி மரியாதைக்கு. அந்தச் சமையலறையில் என் கண் அம்மாவின் கையில்தான் இருந்தது.]

6

மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது. ஜெபம் சொல்லி முடித்தோம். அத்தை முதலில் போய்க் கோழியைத் தொட்டாள். மென்றாள். முகம் வாடியது.

"அப்படியே இருக்கு அண்ணி. என் கோழியத் தொடவே இல்ல."

பிறகு அம்மா கத்தரிக்காயில் ஒரு கரண்டி எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், அப்பா மூடுவது மாதிரி. நானும் ஒரு வாய் எடுத்தேன்.

சப்பென்று இருந்தது. கறி, வெங்காயம், பாலாடைக்கட்டி எதுவும் எதையும் சொல்லவில்லை.

அத்தையும் ஒரு வாய் எடுத்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "இதத்தான் சாப்பிட்டிருக்கு. ஒரு சொட்டு ருசி விடல, பாருங்க. நீங்க சொன்னதுதான் அண்ணி, நீங்க சொன்னதுதான்."

அம்மா அவள் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"நின்ஃபா. நான் உப்புப் போட்டனா?"

7

முதல் முடிவு. போட்டாள். அப்படியென்றால் அப்பா வந்தார், கத்தரிக்காயைச் சாப்பிட்டார், ருசியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிப் போய்விட்டார். அருமையாக இருந்தது, இனிமேல் செய்யாதே. கடைசி வருடம். முடிந்தது.

இரண்டாவது முடிவு. போடவில்லை. அப்படியென்றால் வந்தாரா என்று யாருக்கும் தெரியாது. அல்லது வந்திருப்பார். ஒரு வாய் எடுத்துவிட்டு மேசையைச் சுற்றிப் பார்த்திருப்பார். ரொட்டி, பூ, மெழுகுவர்த்தி, கோழி எல்லாம் இருந்தது. உப்பு டப்பாவை மேசையில் வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

[மூன்றாவது முடிவு: நான் பதில் சொல்கிறேன், அம்மா]

எழுத முடியவில்லை. எந்தப் பதிலைச் சொன்னாலும் அப்பா போய்விடுகிறார். ஒன்றில் வயிறு நிறைந்து, இன்னொன்றில் உப்பைத் தேடிக்கொண்டு. சொல்லாமல் இருக்கும்வரை அவர் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. இது கணக்கு இல்லை என்று எனக்கே தெரியும். அவர் ஒரே ஒருமுறை கண்ணைத் திறந்து "உப்பு" என்று சொல்லிக் கேட்க வேண்டும். அம்மாவுக்கும் அதுதான் வேண்டும். அவள் கேட்டது என்னையா என்றுகூட எனக்குச் சில சமயம் சந்தேகம்.

இந்த எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சோறும் முட்டையும்தான். நேற்று அம்மா வண்டியிலிருந்து எடுத்த பழைய ரசீதுகளை மேசையில் பரப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேர்க்கடலையை அரைத்துப் பாலில்" என்பதைத் தனியே எடுத்து வைத்தாள். பக்கத்தில் உப்பு டப்பா இருந்தது. நான் நிற்பதைப் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் கேட்பாள். இந்த ஞாயிறே கேட்கலாம்.

ஐந்தாம் பகுதியில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. பாதியில் நின்ற எல்லாவற்றையும் அம்மா யாரையும் கேட்காமல் முடித்தாள், ஒன்றுகூட வீணாகவில்லை. இந்த ஒன்றை அவளால் முடிக்க முடியவில்லை, எனக்குத் துணிவில்லை. நீங்கள் அவளுக்கு யாரோ, அப்பாவின் வண்டியில் ஏறியவர்களைப் போல. யாரோ சொன்னால் அவள் நம்புவாள். என் நிறுத்தம் வந்துவிட்டது, நான் இறங்கிக்கொள்கிறேன்.

அம்மா உப்பு டப்பாவை எடுத்து