நீலச் சரிவு

ஊசியக்காவுக்கு அந்தப் பெயரை முதலில் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை முழுக்க நரம்பு தேடி ஊசி குத்துகிற வேலை அவளுக்கு. அக்கம்பக்கத்தில் பாதிப் பேராவது அவளிடம் கையை நீட்டியிருப்பார்கள். கடைத்தெருவில் அவளைக் கண்டதும் தன்னையறியாமல் முழங்கையை மடக்கிக்கொள்கிறவர்கள்கூட உண்டு. அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். வேறென்ன செய்ய?

வாரம் முழுக்க அடுத்தவர் பயத்தோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் காடு வேண்டும். கணவரையும் இழுத்துக்கொண்டு போவாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்; பிள்ளைகளின் கூச்சலில் காது மரத்துப் போனவர். காட்டின் நுழைவிலே ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதைத் தாண்டி அவர் ஓரடி எடுத்து வைத்ததில்லை. "நீ போய் மரத்தோட பேசிட்டு வா, நான் தூக்கத்தோட பேசிக்கிறேன்" என்று துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார்.

அப்படித் தனியாகச் சுற்றியபோதுதான் அந்தச் சரிவு அவள் கண்ணில் பட்டது. குளிர் விட்டு, மரங்கள் இலை போடுவதற்கு முன்னால் ஒரு சில வாரங்கள் வெயில் தரைவரை இறங்கும். அந்த நேரத்தில் சரிவு முழுக்கத் தரையோடு தரையாக நீலப் பூ. கால் வைக்க இடமிருக்காது. அதன் நடுவே விழுந்து கிடந்த ஒரு பெரிய அடிமரம், பக்கத்தில் தட்டையான பாறை. பாறைமேல் யாரோ கயிற்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். கயிறு மெல்லத் தலையைத் தூக்கியது.

அவள் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. நின்றாள், அதுவும் கிடந்தது. பிறகு இன்னொன்று தெரிந்தது, அப்புறம் இன்னும் இரண்டு. குளிர்காலம் பூராவும் அடிமரத்துக்குக் கீழே ஒன்றாகத் தூங்கிவிட்டு, உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வெளியே வந்திருக்கின்றன. அதற்குப் பின் ஒவ்வொரு வாரமும் போனாள். தள்ளி நின்று பார்ப்பாள், வருவாள். விஷமுள்ளதா இல்லாததா? புத்தகக் கடையில் ஒரு பாம்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஒரே மாதிரி இரண்டு படம் இருந்தது. ஒன்றுக்கு விஷம் உண்டு, மற்றதற்கு இல்லையாம். அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மிதிக்கப் போவதில்லை, தொடப் போவதில்லை, தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று புத்தகத்தை வைத்துவிட்டு வந்தாள்.

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த இடம். அதை அவளே கெடுத்தாள். காரணம் ரோஷம்.

அவள் கொழுந்தன் மனை வாங்கி விற்கிறவன். வீட்டில் அவனுக்கு ஒலிபெருக்கி என்று பெயர். தூங்கும்போதுதான் வாய் மூடும் என்பார்கள், அதுவும் உறுதியில்லை. அவன் குடும்பத்தோடு எங்கோ வெளிநாடு போய், காசு கொடுத்து ஒரு பூந்தோட்டம் பார்த்துவிட்டு, குடும்பக் குழுவில் படமாகப் போட்டுத் தள்ளினான். கடைசியில், "எங்க அண்ணி பாவம், வாராவாரம் சருகைப் பாக்கப் போறாங்க" என்று ஒரு வரி வேறு. ஆளாளுக்குச் சிரித்து வைத்தார்கள். ஊசியக்காவுக்குச் சுருக்கென்றது. ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. தன் போனில் இருந்த நீலச் சரிவின் படத்தைக் குழுவில் போட்டு, இடமும் சொல்லி, "காசு கொடுக்காமலே பாக்கலாம் தம்பி" என்று எழுதினாள்.

படத்தின் மூலையில் பாறை இருந்தது. பாறைமேல் பாம்பு இருந்தது. அவள் பூவைப் பார்த்தாள். ஒலிபெருக்கி பாம்பைப் பார்த்தான். பெரிதாக்கி, வட்டம் போட்டு, "பூவுக்குள் பாம்பு! நம் ஊர்க் காட்டில்!" என்று தனக்குத் தெரிந்த அத்தனை குழுக்களுக்கும் அனுப்பிவிட்டான். மனை விற்கிறவனுக்குக் குழுக்களுக்கா பஞ்சம்?

மறுநாள் அவளிடம் இரத்தம் கொடுக்க வந்த ஒருவர் அந்தப் படத்தை அவளுக்கே காட்டினார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு நரம்பு தவறியது.

சாயங்காலம் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அந்தப் படத்தை எடுத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எடுத்துட்டேன் அண்ணி, நீங்க சொன்னா நான் கேக்காம இருப்பேனா? ஆனா போனது போனதுதான். அது இப்ப எங்கெங்க சுத்துதோ! நீங்க பேமஸ் ஆகப்போறீங்க, அதுக்கு ஏன் அழற மாதிரி பேசறீங்க?"

"கும்பல் வந்தா அடிச்சுடுவாங்க தம்பி."

"யாரை?"

அவள் போனை வைத்துவிட்டாள். இதற்கு மேல் அவனிடம் என்ன பேசுவது?

அந்த வாரம் முழுக்க மழை பெய்ய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வெயில் பளிச்சென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை போனபோது காட்டு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. அவள் கணவரின் பெஞ்சில்கூட யாரோ உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். அவர் ஓரமாக ஒண்டிக்கொண்டு, "வீட்டுக்குப் போயிடலாம் வா. பாத்துப் பாத்து நொந்துபோவ" என்றார். அவள் கேட்கவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தாள். பொய் சொல்வது. அவளுக்கு வராத வேலை, ஆனாலும் துணிந்துவிட்டாள்.

சரிவுக்குப் போகும் பாதையின் வளைவில் நின்றுகொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம் சிரித்த முகமாகச் சொன்னாள்: "பாம்பெல்லாம் ஒண்ணுமில்லைங்க. அது யாரோ கம்ப்யூட்டர்ல ஒட்டி வச்ச படம். நான் வாராவாரம் வர்றேன், பூ மட்டும்தான். ஓரமா நின்னு பாத்துட்டுப் போங்க."

நம்பினார்கள். கையில் கழியோடு வந்த நாலைந்து வாலிபர்கள்கூட நம்பி, "சே, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று அலுத்துக்கொண்டு, ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சோடா குடித்தார்கள். நல்லவேளையாகக் கூட்டத்தின் சத்தத்துக்குப் பாறை காலியாகத்தான் கிடந்தது. ஊசியக்காவுக்கு மூச்சு வந்தது. மதியம்வரை இப்படியே தள்ளிவிட்டால் போதும், அடுத்த வாரம் இவர்களுக்கு வேறொரு வேடிக்கை கிடைத்துவிடும் என்று நினைத்தாள்.

பூ மட்டும்தான் என்றதும் கூட்டத்துக்குக் குளிர் விட்டுப்போனது. அதுதான் அவள் கணக்கில் விட்டுப்போன விஷயம். பாம்பு இல்லையென்றால் ஓரமாக ஏன் நிற்க வேண்டும்? ஒருவர் இறங்கினார், பின்னாலேயே எல்லாரும் இறங்கினார்கள். நீலம் மிதிபட்டு மண் தெரிந்தது. "ஓரமா, ஓரமா" என்று அவள் கத்தியது அவள் காதுக்கே கேட்கவில்லை. ஒலிபெருக்கியும் வந்திருந்தான். "இது எங்க அண்ணி கண்டுபிடிச்ச இடம்" என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஓர் இளம் தாய், நடை பழகிய பருவத்தில் ஒரு பெண் குழந்தை. வளைவில் ஊசியக்காவிடம் நின்று, "நிஜமாவே பாம்பு இல்லையாக்கா? பிள்ளையை இறக்கி விடலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனவள்தான். அவள் பாறைக்குப் பக்கத்தில் பூ மிதிபடாமல் மிஞ்சியிருந்த இடமாகப் பார்த்துக் குழந்தையை உட்கார வைத்தாள். நாலடி பின்னால் போய் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

அடிமரத்துக்கும் பாறைக்கும் நடுவிலிருந்து அது வந்தது. அவசரமே இல்லை. வெயில் எங்கே என்று தேடிக்கொண்டு, பாறைமேல் பாதி உடம்பை ஏற்றிவிட்டு நின்றது. வால் பக்கம் பூவுக்குள். குழந்தை கையை நீட்டினால் எட்டுகிற தூரம். குழந்தை அதைப் பார்த்துவிட்டது. கண் விரிந்தது, சிரித்தது.

ஊசியக்கா எங்கோ மேலே, கூட்டத்துக்கு நடுவில். இறங்கி ஓடினால் தரை அதிரும், அது மிரளும். அவள் குரலை அடக்கி, இரத்தம் எடுக்கும்போது பேசுகிற குரலில் கூப்பிட்டாள்.

"அம்மா, பிள்ளையைத் தூக்கிக்கோங்க."

"ஒரு நிமிஷம்க்கா. ஒரே ஒரு படம். செல்லம், இங்க பாரு."

குழந்தை இங்கே பார்க்கவில்லை. குனிந்தது.

"தூக்குங்கன்னு சொல்றேன்ல!"

அந்தப் பெண் திரும்பி அவளைப் பார்த்தாள். "ஏன்க்கா?"

அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. விஷமா இல்லையா என்று தெரிந்திருந்தால் ஒருவேளை வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். தெரியாது. குழந்தையின் விரல் வாலைத் தொடப்போகிறது.

"பாம்பு!" என்று கத்தினாள்.

காலையிலிருந்து அவள் கத்தியதில் அந்த ஒரு சொல்தான் எல்லார் காதிலும் விழுந்தது. தாய் பாய்ந்து குழந்தையை அள்ளினாள். சோடா பாட்டில்கள் உருண்டன. கழி வைத்திருந்தவர்கள் வந்துவிட்டார்கள். அது ஓடவும் இல்லை. குளிர் இன்னும் உடம்பைவிட்டுப் போகாததால் வேகமாக நகர முடியவில்லை. முதல் அடி பாறைமேல் பட்டது, இரண்டாவது அதன்மேல் பட்டது. "வேணாம், போயிடும், விட்டா போயிடும்" என்று ஊசியக்கா சரிவில் சறுக்கி இறங்கினாள். அவள் வந்து சேர்வதற்குள் செத்துவிட்டது. அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியா, ஒட்டின படம்னு சொன்னாங்க!" என்றான் ஒருவன்.

"அவங்களேதான்டா இப்பக் காப்பாத்தினாங்க" என்றான் இன்னொருவன்.

அந்தத் தாய் குழந்தையைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் இல்லேன்னா என் பிள்ளை என்னக்கா ஆகியிருக்கும்? நீங்க எனக்குத் தெய்வம்க்கா." சுற்றிலும் போன்கள் உயர்ந்தன. ஒலிபெருக்கி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். சத்தம் கேட்டு அவள் கணவரும் ஓடி வந்திருந்தார். பாறையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், அவருக்குப் புரிந்துபோயிற்று. "நீ வேற என்ன பண்ணியிருக்க முடியும், சொல்லு?" என்றார் மெதுவாக. அது சரிதான். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"அக்கா, நீங்க இங்க அடிக்கடி வர்றவங்களாமே. வேற எங்க இருக்கு?" கழிக்காரர்களில் ஒருவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"ஒண்ணுதான். அவ்வளவுதான். வேற இல்லை."

"ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்கும்க்கா. குழந்தைங்க வர்ற இடம். உங்களுக்கே தெரியும்."

"வேணாம்ப்பா. கேளுப்பா, நான் சொல்றதைக் கேளு" என்றாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாம்பைப் பார்த்துப் பதறிப்போயிருக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். "நாங்க பாத்துக்கறோம்க்கா, நீங்க தைரியமா இருங்க" என்றான் அவன்.

நாலு பேர் அடிமரத்தின் ஒரு முனையில் தோளைக் கொடுத்தார்கள். ஒலிபெருக்கி ஒரு பக்கம் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று கத்தினான். மண் விட்டது. மரம் அசைந்தது. ஊசியக்கா கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள். நன்றியில் இறுகிய அந்தத் தாயின் பிடி, கை வரவில்லை.

மரம் புரண்டதும் கும்பல் ஒரே குரலில் ஓவென்றது.

"நீங்க பாக்காதீங்கக்கா, பயந்துடுவீங்க" என்று அந்தத் தாய் அவள் தலையை இழுத்துத் தன் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.