பத்தொன்பது கிலோ

காலை எட்டு மணிக்குப் பட்டறைக்காரர் சமையலறைத் தராசில் ஒரு கதவுக் கீலை வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தார். நூற்றுப் பத்து கிராம். முகத்தைச் சுளித்தார். வேறொரு கீலை வைத்தார். எண்பது கிராம். முகம் மலர்ந்துவிட்டது.

"என்னங்க, அந்தத் தராசை எப்பத்தான் திருப்பித் தருவீங்க? நாலு மாசமா மாவைக் கண்ணாலயே அளக்கிறேன்" என்றாள் மனைவி. பட்டறையின் மூலையில் தையல் இயந்திரத்தின்முன் உட்கார்ந்து மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வண்டி போகட்டும், தந்துடறேன்."

"அக்கா, தராசைக் கேக்காதே. அப்புறம் மாமா உன்னையும் தூக்கி அதுமேல வெச்சுடுவார்!" வண்டிக்கு அடியிலிருந்து ஒரு குரல் சிரித்தது. மனைவியின் தம்பி, பட்டறையின் வெல்டர். எந்த வேலையையும் புலிப் பாய்ச்சலில் தொடங்குவான். முடிப்பதற்குள் அடுத்த வேலைக்குத் தாவிவிடுவான். அதனால் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை.

"நீ வாயை மூடிக்கிட்டு போல்ட்டை முறுக்குடா மாப்ளே" என்றார் பட்டறைக்காரர்.

பட்டறையின் நடுவில் வெள்ளையும் நீலமுமாக நின்றது அந்தக் குட்டி டிரெய்லர். காருக்குப் பின்னால் கோத்து இழுத்துப் போகிற வண்டி வீடு. ஒரு படுக்கை, ஓர் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மேலே ஆறு அலமாரிகள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் ஒருவர் 'மன்னிக்கணும்' என்று சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான் இடம்.

அதைச் செய்யச் சொன்னவர் 'பஸ் அக்கா.' இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அதே தெருக்கள், அதே பதினொரு நிறுத்தங்கள், மாலையில் அதே வழியில் திரும்பி வருதல். ஓய்வு பெற்ற அன்று, "இனிமே திரும்பி வர அவசரமில்லாத ரோட்டுலதான் ஓட்டுவேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டார். கணவர் மறுக்கவில்லை. அவர் காரில் உட்கார்ந்த ஐந்தாம் நிமிடம் தூங்கிவிடுகிற மனிதர். அது தன் ஓட்டுத் திறமைக்குக் கிடைத்த பதக்கம் என்று அக்கா பெருமைப்படுவார்.

முதல் நாள் விலையைக் கேட்டதும் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, இது வண்டியா, நகைப் பெட்டியா? இத்தனூண்டு இருக்கு, இவ்வளவு சொல்றீங்களே!"

"கனமா செய்யச் சொல்லுங்கக்கா, பாதி விலையில முடிச்சுடறேன். லேசா செய்யறதுக்குத்தான் காசு. இரும்பு மலிவு, அலுமினியம் ஆளை முழுங்கும். சாதா ஒட்டுப்பலகை மலிவு. உள்ள தேன்கூடு மாதிரி இருக்கிற லேசுப் பலகை மூணு மடங்கு. சன்னலுக்கு ஒத்தைக் கண்ணாடி போட்டா விலை குறையும், ராத்திரி நீங்க குளிர்ல நடுங்குவீங்க. அச்சும் சக்கரமும் இருக்கு பாருங்க, அதுல மட்டும் கை வைக்க மாட்டேன். அது உயிர் விஷயம்."

"சின்னதா இருக்கிறதால எதுவுமே குறையாதா?"

"சின்ன வண்டிக்கும் அடுப்பு ஒண்ணு வேணும், கதவு ஒண்ணு வேணும். அதோட உள்ள ஒரே ஆள்தான் குனிஞ்சு வேலை செய்ய முடியும். என் முதுகுக்கு யாருக்கா விலை குடுப்பா?"

அக்கா சிரித்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அவருடைய கார் சிறியது. எழுநூற்றைம்பது கிலோவுக்குமேல் அது இழுக்கக் கூடாது. அதற்குள் வண்டி முடிய வேண்டும். சரி என்று கை கொடுத்தார் பட்டறைக்காரர். அக்கா முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டுப் போனார்.

வேலை பாதியில் இருக்கும்போது லேசுப் பலகையின் விலை விறுவிறுவென்று ஏறியது. வாங்கிய பணத்துக்குமேல் போய்க் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. படுக்கைக்கும் அலமாரிக் கதவுகளுக்கும் சாதா ஒட்டுப்பலகையை வாங்கிப் போட்டார். 'ரெண்டே இடம். மேலே வெள்ளைத் தாள் ஒட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது?' என்று தன்னையே தேற்றிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்துதான் கீல், ஆணி, கைப்பிடி என்று ஒவ்வொன்றையும் தராசில் வைக்கும் வழக்கம் வந்தது. கிலோ கிலோவாகப் போட்ட பாரத்தைக் கிராம் கிராமாகக் குறைக்கப் பார்த்தார், பாவம்.

அன்று வெள்ளிக்கிழமை. வண்டியை எடைமேடையில் நிறுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும். திங்கட்கிழமை அக்காவுக்குப் பயணம். எடை கூடினால் சான்றிதழ் கிடையாது.

உதிரிபாகக் கடைக்காரரிடம் கவலையைச் சொன்னபோது அவர் தோளில் தட்டினார். "இதுக்கா முகத்தைத் தொங்கப் போட்டிருக்கே? ஃபைலுக்குள்ள ஒரு கவரை வெச்சுடு. எல்லாரும் வைக்கிறதுதான். எழுநூத்தி நாப்பத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க."

பட்டறைக்காரர் கடவுள் பக்தி உள்ளவர். ஒரு நிமிடம் கண்மூடி வேண்டிக்கொள்ளாமல் வெளியே கிளம்ப மாட்டார். அன்றும் நின்று வேண்டிக்கொண்டார். ஆனால் ஒரு கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டார். பைக்குள் கவர் இருந்தது. கடவுளுக்கு அது தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ!

எடைமேடையில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்தாள். நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "டிரெய்லரை மட்டும் ஏத்துங்க, காரைக் கழட்டிடுங்க" என்றாள்.

அவசரமும் பட்டறைக்காரரும் வண்டியைத் தள்ளி மேடையில் ஏற்றினார்கள். திரையில் சிவப்பு எண் எழுந்தது. எண்ணூற்று இருபத்தொன்பது.

பட்டறைக்காரருக்குக் கூடும் என்று தெரியும். இவ்வளவு கூடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. கவரை ஃபைலுக்குள் செருகி, கண்ணாடித் துளைவழியே நீட்டினார்.

அந்தப் பெண் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். "மூணு படிவம்தானே கேட்டோம்? நாலாவதா ஒண்ணு இருக்கே. இது எந்தப் படிவம்ணே?"

"அது... அதும்மா... டீ செலவுக்கு..."

"டாக்டர் எனக்கு வெந்நீர் மட்டும்தான் குடிக்கச் சொல்லியிருக்கார்." கவரை அதே துளைவழியே திருப்பித் தள்ளினாள். அவள் முகத்தில் கோபமில்லை. "அதை விடுங்க. திரையைப் பாருங்க. எண் நிக்காம ஆடுதே."

உண்மைதான். எண்ணூற்று இருபத்தேழு, முப்பது, இருபத்தெட்டு என்று எண் தள்ளாடிக்கொண்டிருந்தது.

"கட்டையும் இரும்பும் ஆடாது. உள்ள ஏதோ தளும்புது. தண்ணித் தொட்டியைக் காலி பண்ணீங்களா?"

பட்டறைக்காரர் மெதுவாகத் திரும்பி மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் வானத்தைப் பார்த்தான்.

"டேய் மாப்ளே."

"ஒழுகுதான்னு பாக்கத்தான் மாமா முந்தாநாள் நிரப்பினேன். ஒழுகல!"

"ஒழுகல, சரி. திறந்து விட்டியா?"

"அதுக்குள்ள அக்கா சாப்பிடக் கூப்பிட்டுச்சு..."

அடிக்குழாயைத் திறந்தார்கள். அறுபது லிட்டர் தண்ணீர் மேடையிலிருந்து வழிந்து ஓடி, பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரரின் செருப்பை நனைத்தது. "என்னப்பா, வண்டியைக் குளிப்பாட்டவா வந்தீங்க?" என்று அவர் துள்ளிக் குதித்தார். அந்தப் பெண் தும்மலுக்கும் சிரிப்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள்.

எண் இறங்கிக்கொண்டே வந்து எழுநூற்று அறுபத்தொன்பதில் நின்றது. இப்போது ஆடவில்லை.

இன்னும் பத்தொன்பது கிலோ.

அந்தப் பத்தொன்பது எங்கே இருக்கிறது என்று பட்டறைக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் கை தன்னையறியாமல் மறுபடி கவரைத் தொட்டது. "அம்மா, வெறும் பத்தொம்பது கிலோதான். ஒரு சின்னப் பிள்ளை எடை. பேனாவால ஒரு கோடு இழுத்தா..."

அந்தப் பெண் மூக்கைத் துடைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அழிச்சா காகிதத்துலதாண்ணே அழியும். மேட்டுல ஏறும்போது கார் அதை இழுத்துத்தான் ஆகணும். இறங்கும்போது அது காரைப் பின்னாலிருந்து தள்ளும். ஓட்டறது யாரு?"

ஓட்டுவது யார்? கன்னத்தில் கை வைத்துச் சிரித்த அந்த முகம் அவர் கண்முன் வந்தது. பக்கத்தில் நம்பிக்கையோடு தூங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கணவர் வந்தார். 'அது உயிர் விஷயம்' என்று தானே மார்தட்டிச் சொன்னதும் காதில் ஒலித்தது. வாய் திறந்து கேட்கத் தைரியமில்லாத ஒரு நாளுக்காக, இரண்டு உயிர்களை மலைச்சரிவில் நிறுத்தப் பார்த்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது. நல்லவர்களுக்குக் கடவுள் சில நேரம் ஒரு ஜலதோஷக்காரப் பெண்ணின் வாய்வழியாகவும் பேசுவார்.

"வண்டியை இறக்குடா மாப்ளே. பஸ் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

பஸ் அக்கா தரையில் உட்கார்ந்து பயணப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் சோபாவில் கண்மூடிச் சாய்ந்திருந்தார். பட்டறைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே பலகையைப் பற்றிச் சொன்னார், கவரைப் பற்றியும் சொன்னார். எதையும் மிச்சம் வைக்கவில்லை.

அக்காவின் கை பெட்டிமேல் அப்படியே நின்றது. சிரிப்பு போய்விட்டது.

"இருபத்தாறு வருஷம் தம்பி. தினமும் நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போனேன். ஒரு நாள்கூட பிரேக்கைப் பாக்காம வண்டியை எடுத்ததில்ல. உங்க பேச்சை நம்பி, உங்க வண்டியை மட்டும் பாக்காம எடுத்திருப்பேன்."

பட்டறைக்காரர் தலை குனிந்து நின்றார். அக்கா பெட்டியை ஓரமாகத் தள்ளினார்.

"பலகை விலை ஏறிடுச்சுன்னு என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன கடிச்சா வெச்சுடுவேன்?"

"கடிப்பா" என்றார் சோபாவிலிருந்த கணவர், கண்ணைத் திறக்காமலே.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தூங்கற ஆளுக்கு இதுமட்டும் காதுல விழும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சரி, யாரும் கேக்காம நீங்களா வந்து சொன்னீங்க. அது எனக்குப் போதும். இப்ப என்ன பண்ணலாம்?"

"படுக்கைப் பலகையை என் செலவுல மாத்திடறேன்க்கா. பதினஞ்சு கிலோ குறையும். கடையில படுக்கைக்கு மட்டும்தான் லேசுப் பலகை இருக்கு, கதவுக்கு வந்து சேர ஒரு வாரம் ஆகும்."

"கதவு எதுக்கு? எனக்கும் இவருக்கும் நடுவுல மூடி மறைக்க என்ன இருக்கு? ஆறையும் கழட்டிடுங்க. உங்க வீட்டம்மாவைத் துணியில திரை தைக்கச் சொல்லுங்க, பூப்போட்ட துணி."

"திங்கக்கிழமை கிளம்ப முடியாதேக்கா. புதன் ஆயிடும்."

"மணியடிச்சதும் ஓடுற வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சு தம்பி. புதன்கிழமையும் ரோடு அங்கயேதான் இருக்கும்."

அந்த நான்கு நாளும் பட்டறையில் கல்யாண வீட்டுக் களை. கவரில் இருந்த பணமும் இன்னும் கொஞ்சமும் சேர்ந்து லேசுப் பலகையாக வந்து இறங்கின. மனைவி ஆறு திரைகள் தைத்தாள். "ஒரு வார்த்தை முன்னாடியே என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்று திரைக்கு ஒரு முறையாக ஆறு முறை சொன்னாள். அவர் ஆறு முறையும் தலையாட்டினார். அவசரம், வாழ்க்கையில் முதல்தடவையாக, தண்ணீர்த் தொட்டி காலியாக இருக்கிறதா என்று மூன்று முறை தட்டிப் பார்த்தான்.

புதன்கிழமை காலை பஸ் அக்காவே காரோடு எடைமேடைக்கு வந்துவிட்டார். வண்டி ஏறியது. எழுநூற்று நாற்பத்தாறு. ஓர் எண்கூட ஆடவில்லை. அக்கா பள்ளிப் பிள்ளையைப்போல் கைதட்டினார். ஜலதோஷம் விட்டுப்போன அந்தப் பெண் சான்றிதழில் முத்திரை குத்தி, "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்று வெளியே வந்து கையசைத்தாள். சாலைத் திருப்பத்தில் வண்டி மறைவதற்குள் அக்காவின் கணவருடைய தலை சாய்ந்துவிட்டதை எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள்.

பின்னால் வரிசையில் இரும்புக் குழாய் ஏற்றிய லாரியோடு நின்றிருந்தார் உதிரிபாகக் கடைக்காரர். இறங்கிவந்து பட்டறைக்காரரின் காதில், "பாத்தியா? நான் சொன்ன கவர் வேலை செஞ்சுதா?" என்றார்.

"செய்யலப்பா. செஞ்சிருந்தா இந்நேரம் அந்த ரெண்டு பேரும் என் பொய்யையும் சேத்து இழுத்துக்கிட்டுப் போயிருப்பாங்க" என்றார் பட்டறைக்காரர். "லஞ்சம் குடுத்து நாம காகிதத்துல குறைக்கிற எடை எங்கயும் போயிடறதில்ல. நம்மளை நம்பின யாரோ ஒருத்தர் தலையிலதான் அது ஏறுது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்."

கடைக்காரர் கையிலிருந்த தன் ஃபைலை ஒரு தடவை திறந்து, உள்ளே இருந்த கவரைப் பார்த்தார்; மூடினார். லாரியை அண்ணாந்து பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு டிரைவரைக் கூப்பிட்டார்.

"மேல இருக்கிற ரெண்டு குழாய்க் கட்டை இறக்கி ஓரமா வைப்பா. அடுத்த நடையில எடுத்துக்கலாம்."