மேயர் மிதித்த ஆறு

அந்த நகரத்து மேயர், ஓடுகிற ஆற்றைக் காலால் ஓங்கி ஒரு மிதி மிதித்து ஊரைவிட்டே விரட்டியவர். நம்பாதவர்கள் டபேதாரைக் கேட்கலாம். கேட்காவிட்டாலும் அவர் சொல்வார். மேயருக்கு முன்னால் வெள்ளிப்பூண் போட்ட தடியைப் பிடித்து நடந்து, கூட்டத்தை விலக்கிக் குரல் கொடுப்பதுதான் ஓய்வுபெறும்வரை அவர் பார்த்த உத்தியோகம்.

“பக்கத்துல நின்னவன் சொல்றேன், கேளு. மேயர் மிதிச்சாரு. ஆறு ஒரே ஒரு தடவை அவரை நிமிந்து பாத்துச்சு. அப்புறம் மீனு, நண்டு, தவளையெல்லாம் கூட்டிக்கிட்டுக் குடும்பத்தோட கிளம்பிடுச்சு. போகும்போது ‘வரேங்கய்யா’ன்னு சொல்லிட்டுப் போச்சு.”

“கிளம்பின ஆறு எங்க போச்சாம்?” என்று கேட்டாள் ஊசி, பல்லில் கடித்த நூலோடு.

ஊசி அவருடைய மச்சினி. தையல்காரி என்பதால் மட்டும் வந்த பெயரில்லை அது. டபேதாரின் வாய்க்குள் ஒரு எலி புகுந்தால் யானையாகத்தான் வெளியே வரும்; அந்த யானையைப் பிடித்து நிறுத்தி, அளவெடுத்து, வெட்டிச் சுருக்கி, மறுபடியும் எலியாக்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். அக்காக்காரி போய்ச் சேர்ந்த பிறகு அவரை அத்தான் என்று கூப்பிட உலகத்தில் மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான். அவர் சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நம்பாதவளும் அவள் ஒருத்திதான். ஊரே வாய் பிளந்து கேட்கும் கதையை இவள் கேட்டுவிட்டு “ம்” என்று தையல் மெஷினின் மிதியை மிதித்துத் தைக்க ஆரம்பித்தால், டபேதாருக்கு அன்றைக்கு இறங்கின சோறு செரிக்காது.

ஆறு எங்கே போனது என்பது ஊருக்கே தெரியும். மேயர் அதை ஒரு கான்கிரீட் பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே சாலை போட்டார். இரண்டு பக்கமும் வீடுகள் எழும்பின. ஊசியின் வீடு அந்தச் சாலையின் நடுவில் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தைத்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு அவள் வாங்கிய வீடு. வாங்கச் சொன்னவர் டபேதார்தான். “மேயர் மிதிச்ச மண்ணு. பூகம்பம் வந்தாலும் செருப்பை வெளிய கழட்டிட்டுத்தான் உள்ள வரும்” என்று அன்றைக்கு அவர் சொன்னார். அந்த ஒரு தடவைதான் அவள் அவரை நம்பினாள்.

கடந்த மழைக்காலத்திலிருந்து வீட்டுக்குக் கீழே ஒரு சத்தம். காதால் கேட்கிற சத்தம்கூட இல்லை. பாதத்தால் கேட்கிற சத்தம். செருப்பில்லாமல் தரையில் நின்றால் கணுக்கால்வரை ஏறும். கிண்ணத்தில் இருந்த குண்டூசிகள் தாமாகவே நகர்ந்து ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும்.

“கீழ யாரோ பல்லை நறநறன்னு கடிக்கிற மாதிரி இருக்கு அத்தான். நாளைக்கு விழாவுக்குத் துணியெல்லாம் தைச்சுக் குடுத்துட்டேன். முடிஞ்ச கையோட நான் கிளம்பறேன். என்கூட வேலை கத்துக்கிட்டவ வீட்டு மாடியில இடம் இருக்கு.”

அறை மூலையில் இரண்டு மூட்டைகள் கட்டி வைத்திருந்ததை அப்போதுதான் டபேதார் பார்த்தார். தம்மை யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது அவருக்கு.

“நாளைக்கு மேயர் இதே ரோட்டுக்கு வெள்ளிவிழா கொண்டாடுறாரு. என்னைத் திரும்பக் கூப்பிட்டுத் தடியைக் குடுத்திருக்காங்க. நீ மூட்டை கட்டுறே!”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க மேயரை உள்ள கூட்டிட்டு வாங்க. வெறுங்காலோட இந்தத் தரையில ஒரு நிமிஷம் நிக்கட்டும். சத்தம் இல்லைன்னு அவர் வாயால சொல்லட்டும். மூட்டையைப் பிரிச்சிடறேன்.”

“கூட்டிட்டு வரேன்,” என்றார் டபேதார். “உள்ள வந்து உக்காந்து, உன் மெஷின்ல ஒரு சட்டையே தைச்சிட்டுப் போவாரு, பாக்கறியா?”

“ம்,” என்றாள் ஊசி.

சொல்லிவிட்டாரே தவிர, வீட்டுக்கு நடக்கும்போது டபேதாரின் நெஞ்சில் ஒரு முள் உறுத்தியது. மேயரின் சாதனைகள் ஒன்றா இரண்டா? அந்த ஊரில் ஒருவன் மேயர் திறந்த ஆஸ்பத்திரியில் பிறந்து, மேயர் திறந்த பள்ளியில் அடி வாங்கி, மேயர் திறந்த மண்டபத்தில் கல்யாணம் பண்ணி, மேயர் திறந்த நீதிமன்றத்தில் அதை ரத்து செய்து, கடைசியில் மேயர் திறந்த மின்மயானத்தில் சாம்பலாகலாம். நடுவில் வேறு யாரையும் பார்க்க வேண்டியதே இல்லை. ஒவ்வொன்றையும் மேயர் ஒரே முறையில்தான் திறப்பார். ரிப்பன், கத்தரிக்கோல் எதுவும் கிடையாது. வலது காலைத் தூக்கி ஓங்கி ஒரு மிதி. மிதித்ததும் நீரூற்று பீறிட்டது. தெருவிளக்குகள் எரிந்தன. நின்றுபோயிருந்த கடிகாரம் மணி அடித்தது. ஜனங்கள் அந்தக் காலைப் பார்த்தார்களே ஒழிய, பக்கத்தில் மெல்ல உயர்ந்த தடியைப் பார்க்கவில்லை. மேயர் மிதிக்கும்போது டபேதார் தடியைத் தூக்குவார். தூரத்தில் எங்கேயோ ஒரு ஆள் அதைப் பார்த்துச் சுவிட்சைப் போடுவான், குழாயைத் திருகுவான். இத்தனை வருஷமும் நடந்தது அதுதான். இருந்தாலும் தடியைத் தூக்கித் தூக்கி, மிதிதான் செய்கிறது என்று டபேதாரே பாதி நம்பத் தொடங்கியிருந்தார். மீதிப் பாதியைக் கதை சொல்லியே நிரப்பிக்கொண்டார்.

முள் அதுவல்ல. தாம் திறந்த எதற்குள்ளும் மேயர் காலை வைத்ததில்லை. திறந்த பாலத்தின் மேல் அவர் கார் ஏறியதில்லை; பழைய பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகும். உடம்புக்கு வந்தால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி. இதை இத்தனை வருஷமாகக் கவனித்த ஒரே ஆள் டபேதார். “பெத்தவ தன் பிள்ளையைத் தானே கண்ணு வைப்பாளா? அதான் ஒதுங்கிப் போறாரு” என்று தமக்குத் தாமே அதற்கும் ஒரு கதை கட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பகலில் சாலை முழுக்கத் தோரணம். ஊசி தைத்த துணிகள் இரண்டு பக்கமும் படபடத்தன. ஆறு வருகிற மலைப்பக்கம் மட்டும் வானம் அடுப்புக்கரி போலக் கறுத்துக் கிடந்தது. இங்கே சுள்ளென்று வெயில். நகராட்சி இன்ஜினியர் டபேதாரின் காதருகே வந்தார்.

“பெரியவரே, பழக்கம் மறந்துடலையே? ஐயா மிதிக்கும்போது தடியைத் தூக்கிடுங்க.”

“இங்க எதுக்குங்க? சுவிட்சா இருக்கு, குழாயா இருக்கு?”

“தூக்குங்க, அது போதும்,” என்றார் இன்ஜினியர். அவர் கழுத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

மேயர் வந்தார். வெள்ளை ஷூ. முகத்தில் வயதே தெரியவில்லை. டபேதார் குரல் கொடுத்து முன்னால் நடந்தார். ஊசியின் வாசல் வந்ததும், உத்தியோகத்தில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தார், நின்று திரும்பினார்.

“ஐயா, இது என் மச்சினி வீடு. ஒரு நிமிஷம் உள்ள வந்து, தரையில நின்னு...”

மேயர் வாசலில் நின்ற ஊசியைப் பார்த்தார். உள்ளே கட்டி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் ஒரு அடி பின்வாங்கின.

“உள்ளயா? என் ரோட்டு மேல எனக்கே சந்தேகமா? இங்கேயே மிதிக்கிறேன். கேட்டுக்கம்மா.”

வலது காலைத் தூக்கினார். இடது கால் பந்தலுக்குப் போட்ட மரப்பலகை மேல்தான் இருந்தது. அதை இறக்கவில்லை. ஓங்கி மிதித்தார். டபேதாரின் கை, எசமானைக் கேட்காத பழைய வேலைக்காரன் போல, தடியைத் தூக்கியது. தெருக்கோடியில் ஒரு மாடியிலிருந்து யாரோ பச்சைத் துணியை அசைத்தார்கள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டபேதாரின் கால்களுக்குக் கீழே இருந்த நறநறப்பு மெலிந்தது, விக்கியது, அறுந்து போனது. சாலை நெடுக ஜனங்கள் குனிந்து தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். ஒருத்தன் “நின்னுடுச்சு!” என்று கத்தினான். அப்புறம் கைதட்டல் இடி போல எழும்பியது.

டபேதார் கை தட்டவில்லை. நீரூற்று வந்தபோது அவருக்குத் தெரியும், குழாய் திறந்திருக்கிறது. விளக்கு எரிந்தபோது தெரியும், சுவிட்ச் விழுந்திருக்கிறது. ஒரு ஆறு நின்றால்?

மேயரின் கார் வந்த வழியே திரும்பி, அந்தச் சாலையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. டபேதார் இன்ஜினியரைப் பந்தலுக்குப் பின்னால் பிடித்தார்.

“எதை அடைச்சீங்க?”

“கத்தாதீங்க. மேல இருக்கிற மதகை இறக்கினோம். ஜனங்க சத்தம் கேக்குதுன்னு மனு மேல மனு. ஐயா முன்னால சத்தம் வரக்கூடாதில்ல? விழா முடிஞ்சதும் தூக்கிடலாம்னு...”

“விழா முடிஞ்சாச்சு. தூக்குங்க.”

இன்ஜினியர் கையில் இருந்த போன் விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. “பல்சக்கரம் உடைஞ்சு போச்சாம் பெரியவரே. இறங்கின மதகு ஏற மாட்டேங்குது. மேல நல்ல மழையாம். ரெண்டாள் உயரத்துக்கு நிக்குதுங்கறான்.”

“தாங்குமா?”

“ஐயா திறந்து வச்ச மதகுதான்,” என்றார் இன்ஜினியர். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. “ஜனங்களை வெளியேத்தணும்னா ஐயா உத்தரவு வேணும். ஐயா போனை எடுக்கலை.”

அந்த மதகைத் திறந்த நாள் டபேதாருக்கு நினைவிருந்தது. சிமெண்ட் காயவில்லை என்று மேஸ்திரி கையைப் பிசைந்தார்; மேயர் மிதித்தால் காய்ந்துவிடும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தது டபேதார்தான்.

ஓடினார். அந்த வயதில் ஓடுவது என்றால் தடி முன்னால் போக, உடம்பு பின்னால் போனது. வீட்டுக்குள் ஊசி தரையில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். மூட்டைகள் பிரிந்து கிடந்தன. சட்டி பானை அலமாரிக்குத் திரும்பியிருந்தது.

“கிளம்பு ஊசி. இப்பவே.”

“எதுக்கு? குழந்தை தூங்கற மாதிரி இருக்கு தரை.”

“அது மேயர் மிதிச்சதால இல்லடி. மதகை இறக்கியிருக்காங்க. ஆறு ஊருக்கு வெளிய எழுந்து நிக்குது. ரெண்டாள் உயரம். மதகு ஏற மாட்டேங்குது. நான் தடியைத் தூக்கினேன், அவன் இறக்கினான்!”

ஊசி எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“நீங்க தடியைத் தூக்கினீங்க, ஆறு எழுந்து நின்னுடுச்சா? மரியாதை தெரிஞ்ச ஆறுதான் போங்க. ரெண்டாள் உயரமா? வெட்டிச் சுருக்கினா முழங்காலுக்கு வருமா?”

“என் கண்ணாணை! உங்கக்கா மேல சத்தியம்!”

“ஆறு ‘வரேங்கய்யா’ன்னு சொல்லிட்டுப் போன கதைக்கும் அக்கா மேலதான் சத்தியம் பண்ணீங்க.”

டபேதார் வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் யானை யானையாக உற்பத்தி செய்த வாய். அதில் ஒரு நிஜம் வெளியே வந்து நின்றால் அதற்கும் தும்பிக்கை முளைத்துவிட்டது. அவர் ஊசியின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் செல்லமாகத் தட்டிவிட்டு, மறு கையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

சாலை முழுக்க ஜனங்கள் நாற்காலி, பெஞ்சு, பாய் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்து நடு ரோட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த அமைதியை ஆளுக்கொரு மடியில் வைத்துக்கொண்டது போல. ஒரு கர்ப்பிணி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாதத்தை ரோட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே மலைப்பக்கத்துக் கறுப்பு, வெயிலைத் தின்றுகொண்டு கூரை கூரையாக நகர்ந்து வந்தது. டபேதார் தடியைத் தலைக்கு மேலே உயர்த்தி, தம்மிடம் இருந்த மொத்தக் குரலையும் எடுத்து, “எல்லாரும் எழுந்திருங்க! தண்ணி வருது! விலகுங்க!” என்று கத்தினார். கூட்டத்தை விலக்கிய அதே குரல். ஜனங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, விழா இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

ஊசி நாற்காலியைச் சாலையின் நட்டநடுவில் போட்டு உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“எல்லாரும் கேட்டுக்குங்க. எங்கத்தான் சொன்னதை நான் இத்தனை வருஷமா நம்பலை. இப்ப ஒத்துக்கறேன். அது நடந்துச்சு. மேயர் மிதிச்சாரு, ஆறு போயிடுச்சு.”