மிதிக்க மிதிக்க

தலாஸிலிருந்து புறப்பட்டபோது கார் நன்றாகத்தான் ஓடியது. கணவாய் ஏற்றத்தில், முன்னால் ஊர்ந்த லாரியை முந்துவதற்காக ஜிபார் ஆக்ஸிலேட்டரை அழுத்தியபோதுதான் அது அடங்கிப்போனது. இன்ஜின் அணையவில்லை. பின்னாலிருந்து யாரோ இழுத்துப் பிடித்ததுபோல வண்டி தொய்ந்தது. காலைத் தளர்த்தியதும் மறுபடி நகர்ந்தது.

"என்னக்கா ஆச்சு?" பக்கத்திலிருந்த தங்கை பேகிமாய் கேட்டாள்.

"பெட்ரோல் சரியா போகலையோ என்னவோ."

பின்சீட்டில் அப்பா கெரிம்பெக் போர்வைக்குள் சுருண்டிருந்தார். சுரங்க வேலையில் நுரையீரலைப் பறிகொடுத்தவர். தலைநகர் பிஷ்கெக்கில் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் அவரைக் கூட்டிப்போகிறார்கள்.

"எனக்குத் துணையா இதுக்கும் மூச்சு வாங்குதும்மா" என்றார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையாக லாரிகள். திரும்ப வழியில்லாமல் மலையைக் குடைந்த சுரங்கப்பாதைக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே புகை மஞ்சளாக நின்றது. பாதி தூரத்தில் பாதை ஏறத் தொடங்கியதும் வேகம் விழுந்தது. பின்னால் வந்த லாரி ஹாரனை விடாமல் அழுத்தியது. ஜிபார் பயத்தில் ஓங்கி மிதித்தாள். கார் நின்றே போகும்போல முனகியது.

அப்பா இருமினார். அப்புறம் இருமக்கூட முடியாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"அக்கா, அப்பா உதடு நீலமாகுது! இன்னும் மிதிக்கா!"

"மிதிச்சாத்தான்டி சாகுது!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. முதல் கியருக்கு மாற்றி, பெடல்மேல் பாதத்தைப் பட்டும்படாமல் வைத்தாள். வண்டி ஊர்ந்தது. அழுத்தச் சொல்லித் துடித்த காலை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. லாரியின் வெளிச்சம் கண்ணாடி முழுக்க நிறைந்திருந்தது. அப்பாவின் மூச்சு கேட்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

கடைசியில் சுரங்கப்பாதையின் மறுமுனை தெரிந்தது. வெளியே ஓரமாக நிறுத்தி, கதவுகளைத் திறந்துவிட்டார்கள். குளிர்காற்று பட்டதும் அப்பா ஒருமுறை நீளமாக இழுத்தார். ஆனாலும் உதட்டில் நிறம் திரும்பவில்லை. இந்த வேகத்தில் போனால் ஆஸ்பத்திரி எட்டாது.

ஜிபார் பானெட்டைத் திறந்தாள். "நீ உக்காந்து மிதி. நான் பாக்கறேன்."

இன்ஜின் உறுமியது. காற்று வடிகட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் அவள் கண்ணெதிரே வற்றிய வயிறுபோல ஒட்டி மூடிக்கொண்டது. காலை எடுத்ததும் விரிந்தது.

"பெட்ரோல் இல்லடி, காத்து! உறிஞ்சற வேகத்துல குழாய் நசுங்குது."

வழிக்குக் கொண்டுவந்த சாப்பாட்டுக் கூடையில் பால் டின் ஒன்று இருந்தது. பாலைப் பனியில் கொட்டி, டின்னின் மேல்தகட்டையும் அடித்தகட்டையும் கத்தியால் அறுத்து, பிசிறு போகத் துடைத்தாள். குழாயைக் கழற்றி, பிளாஸ்கிலிருந்த வெந்நீரை ஊற்றி இளக்கி, நசுங்காமலிருக்க டின்னை உள்ளே முட்டாகத் திணித்து, மறுபடி மாட்டினாள். விரல் கிழிந்தது பிறகுதான் தெரிந்தது.

"இப்ப மிதி!"

குழாய் ஒட்டவில்லை.

மலை இறக்கம் முழுக்க வண்டி தொய்யாமல் ஓடியது. இருவரும் பின்னாலிருந்து வரும் மூச்சையே கேட்டுக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஜிபார் சுவரோரம் சரிந்து உட்கார்ந்து அழுதாள்.