சிவப்புப் பென்சிலில் அழுமிடம்

எங்கள் ஊரில் மார்ச் முதல் வாரத்தில் பனி இடுப்பளவு கிடக்கும். செர்ரி பூக்க இன்னும் ஆறு வாரம் ஆகும். ஆனாலும் பள்ளி நிறைவு விழாவில் பாடுகிற ஒவ்வொரு பாட்டிலும் செர்ரி இதழ் உதிர்ந்தே தீரும். பாட்டு எழுதுகிறவர்கள் தெற்கே எங்கேயோ வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். நாங்கள் ரப்பர் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டு உள்ளே போய் அந்த இதழ்களுக்காக அழ வேண்டும்.

நான் அழுததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. போன குளிர்காலத்தில் பதினோரு விழாப் பாட்டுகளைக் கேட்டு நோட்டில் அட்டவணை போட்டேன். பதினொன்றிலும் இதழ் இருந்தது. ஒன்பதில் ரயில் நிலையம், எட்டில் அம்மா. அந்த எட்டில் ஆறு அம்மாக்கள் சாப்பாட்டு டப்பா கட்டினார்கள். எல்லாப் பாட்டுகளும் கடைசிச் சரணத்துக்கு முன்னால் அரை சுரம் மேலே ஏறின. அந்த இடத்தில்தான் ஜனங்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். மூக்குப்பொடி போட்டால் தும்மல் வருவதைப் போன்ற ஏற்பாடு இது. அதற்குப் பெயர் உணர்ச்சி. அட்டவணையை முடித்த பிறகு, எல்லோரும் அழும்போது எண்ணிக்கொண்டிருப்பவளுக்குத்தான் ஏதோ கோளாறு என்று தோன்றியது. அதையும் அடியில் எழுதி வைத்தேன்.

பகலில் அரிசி பிஸ்கட் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஓடும் பட்டையிலிருந்து உடைந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மாலையில் ஐந்தரை மணிக்கு மாலை நேர உயர்நிலைப் பள்ளி. நான்கு வருடப் படிப்பு. எங்கள் வகுப்பில் ஆறே பேர். வகுப்பு நாட்குறிப்பை முறைவைத்து எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் எங்களில் மூத்தவரான கமதா சானுக்குக் கண் சரியில்லை, மற்றவர்களுக்கு மனம் சரியில்லை. ஆகவே நான்கு வருடமும் நான்தான் எழுதினேன். தேதி, வானிலை, வந்தவர், வராதவர், பள்ளியில் போடும் மாலைச் சாப்பாடு, கடைசியாக ‘இன்றைய நிகழ்வு’. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஆசிரியர் அறையிலிருந்து நாட்குறிப்பு சீட்டு ஒட்டித் திரும்பி வரும்.

தவறு அந்தக் கடைசிக் கட்டத்தில் நடந்தது.

நவம்பரில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நாகுமோ ஒரு கதை சொன்னான். அவனுக்கும் என் வயதுதான், இருபது. நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போது இரண்டரை வருடம் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தவன். அவனுடைய அப்பா பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவர். விடியுமுன் வேலைக்குப் போவதற்குள் மகனின் கதவருகே சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டுப் போவாராம். இவனுக்குச் சோறு இறங்காது. திருப்பி வைத்தால் அவர் மனம் கஷ்டப்படுமே என்று ஜன்னல் வழியாக வெளியே கொட்டிவிடுவான். பனி மூடிவிடும். ஏப்ரலில் பனி உருகியதும் ஒரு குளிர்காலத்துச் சோறு முழுக்க ஜன்னலுக்கு அடியில் வெளியே வந்தது. அப்பா விடிகாலையில் தனியாக அதை மண்வெட்டியால் அள்ளியதைத் திரைச்சீலை இடுக்கில் இவன் பார்த்தான். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் டப்பா வந்தது. நாகுமோ இதைச் சிரிப்பாகத்தான் சொன்னான்.

“அந்த வருஷம் எங்க தெருக் காக்காவெல்லாம் கொழுத்துப்போய் பறக்க முடியாம நடந்துக்கிட்டிருந்துச்சு.”

எல்லோரும் சிரித்தோம். அன்று வகுப்பில் வேறு எதுவும் நடக்கவில்லை. கட்டம் காலியாக இருந்தது. நான் எழுதிவிட்டேன். சுருக்கமாக, ஒன்றும் விடாமல்.

தொகாஷி ஆசிரியர் பகல் நேரப் பள்ளியில் இசை கற்பிப்பவர். நிறைவு விழா நடத்துவதற்காக எங்களிடமும் வருவார். போன வருட விழாவில் எத்தனை பேர் அழுதார்கள் என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் நுழைவார். என்னைப் போலவே அவரும் எண்ணுகிறவர் என்பது எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டுத் தாளைக் கொடுத்தார். இதழ், ரயில் நிலையம், அம்மா, டப்பா, எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசிச் சரணத்துக்கு மேலே சிவப்புப் பென்சிலால் ‘அழுமிடம்’ என்று எழுதிக் கட்டம் கட்டியிருந்தார். அந்த இடத்தில் தலையை எப்படித் தாழ்த்த வேண்டும் என்று செய்து காட்டினார். குரல் கொஞ்சம் உடைந்தால் போதும், முழுக்க உடைய வேண்டாம் என்றார்.

“முழுசா ஒடைஞ்சா யாரு கூட்டி அள்றது?” என்றார் கமதா சான். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவர், அறுபத்து மூன்று வயது. தொகாஷி ஆசிரியருக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல இருந்துவிட்டார்.

பாட்டுக்கு நடுவே பியானோ மட்டும் வாசிக்கும் நேரத்தில் ஓர் உண்மைக் கதையைப் படிக்க வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. அச்சடித்த தாளை எடுத்து அவரே வாசித்துக் காட்டினார். கதவருகே டப்பா. ஜன்னல். உருகும் பனி. மண்வெட்டியோடு ஒரு தந்தை. காகங்களை மட்டும் வெட்டி எறிந்திருந்தார். வகுப்பு நாட்குறிப்பில் கிடைத்த முத்து என்றார். இவ்வளவு நேர்த்தியாக எழுதிய இகராஷியே விழாவில் படிப்பாள் என்றும் சொன்னார். இகராஷி நான்தான்.

நாகுமோ பாட்டுத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வகுப்பு முடிந்ததும் செருப்பு அலமாரி அருகே எனக்காக நின்றான்.

“அப்பா விழாவுக்கு வர்றார். லீவு போட்டாச்சு. பனி வண்டி ஓட்டுறவர் மார்ச்ல லீவு போட்டா அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அவர் அள்ளுனதை நான் பார்த்தேன்னு அவருக்குத் தெரியாது. ஏழு வருஷமா நாங்க ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசல. நாப்பது பேருக்கு முன்னால, பியானோ வாசிச்சுத்தான் அவருக்குத் தெரியணுமா?”

நான் மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

“நீயா? ஒடைஞ்ச பிஸ்கட்டைக்கூட மன்னிப்புக் கேட்டுட்டுத்தான எடுப்பே.” பூட்ஸை மாட்டினான். “அதைப் படிச்சா நான் வரமாட்டேன் இகராஷி. வராம இருக்கறதுல எனக்கு நல்ல பழக்கம்.”

முதல் வருடத்தில் பாதி நாள் ‘வராதவர்’ கட்டத்தில் அவன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். இரண்டாம் வருடம் குறைந்தது. கடைசி இரண்டு வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவன் பெயரே இல்லை. கடைசி நாளில் அது மறுபடி வந்தால், வர வைத்தவள் நான்.

மறுநாள் மூன்று காரணங்களைச் சீட்டில் எழுதிக்கொண்டு இசை அறைக்குப் போனேன். முதல் காரணத்தைச் சொன்னதுமே தொகாஷி ஆசிரியரின் கண்கள் கலங்கின. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

“நாகுமோ வேண்டாங்கிறானா?” என்றார். “அப்பாகிட்ட இதுவரைக்கும் சொன்னதே இல்லையா? அடடா. அதையும் சேர்த்துக்கலாம்மா.”

மற்ற இரண்டு காரணங்களை நான் சொல்லவில்லை. குனிந்து வணங்கி, நன்றி ஆசிரியரே என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். விழாவுக்கு முந்தின தினம் அவர் கொடுத்த புதிய தாளில், அப்பாவிடம் இதுவரை சொன்னதே இல்லை என்ற வரியும் இருந்தது.

அன்று சாப்பாட்டு மேசையில் நாகுமோவிடம், நான் அதைப் படிக்க மாட்டேன், நீ வா என்றேன். அப்படியானால் எதைப் படிப்பாய் என்று கேட்டான். தெரியவில்லை என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை. நானும் நம்பவில்லை. கமதா சான் சூப்பை ஊதிக்கொண்டே சொன்னார்: “பியானோ மட்டும் வாசிச்சுக்கிட்டே இருக்கட்டும். நீ பஸ் வர்ற நேரத்தைப் படிச்சாக்கூட அழுவாங்க கண்ணு.”

விழா உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. சிவப்பு வெள்ளைத் திரை, குளிர்காய நான்கு மண்ணெண்ணெய் அடுப்பு, மடக்கு நாற்காலிகள். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம். தொகாஷி ஆசிரியர் காலையிலேயே வந்து அவர் கையால் வைத்தாராம். தும்மல் வந்தே தீரும் என்று தெரிந்துதானே பொடியோடு துணியும் கொடுக்கிறார்கள்.

நாகுமோ வந்திருந்தான், ஆனால் பாடுகிற எங்கள் பின்வரிசையின் ஓரத்தில், எங்களுக்குப் பின்னால் இருந்த கதவுக்கு மிக அருகில் நின்றான். கதவை எந்த நேரமும் திறந்துகொண்டு போகலாம். அவனுடைய அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். புதுக் கோட்டில் கடையின் மடிப்பு அப்படியே இருந்தது. பனி வெயிலில் கறுத்த முகம், வேலையில் கறுப்புக் கண்ணாடி போடும் இடம் மட்டும் வெள்ளை.

பாடினோம். இதழ் உதிர்ந்தது. ரயில் கிளம்பியது. அம்மா டப்பா கட்டினாள். பாட்டு நின்று பியானோ மட்டும் ஒலித்தது. நான் ஒலிவாங்கிக்கு முன்னால் போனேன். கையில் மேலே அச்சடித்த தாள், அடியில் நாட்குறிப்பு. அது வரைக்கும் எதைப் படிப்பேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பின்னால் கதவின் கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. தாளை அடியில் தள்ளினேன். முதல் பக்கத்தைத் திறந்தேன்.

“முதல் வருடம், ஏப்ரல் பன்னிரண்டு. மழை. வந்தவர்கள் ஐந்து பேர். வராதவர், நாகுமோ. சாப்பாடு, மிசோ விழுதில் வேகவைத்த கானாங்கெளுத்தி மீன்.”

தொகாஷி ஆசிரியர் பியானோவிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். ஆனால் அவரால் வாசிப்பதை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அழுமிடம் போய்விடும்.

“மே பத்து. மேகமூட்டம். வந்தவர்கள் ஐந்து பேர். வராதவர், நாகுமோ. சாப்பாடு, பன்றி இறைச்சி வறுவல். அடுப்பு பழுது.”

முன்வரிசையில் பெற்றோர் சங்கத் தலைவர் பொட்டலத்தைப் பிரித்தார். அடுப்பு பழுதானதற்கு அழுதார். பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். நான் தேதி வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். வருடங்களைத் தாண்டினேன்.

“இரண்டாம் வருடம், ஜூன் நான்கு. வெயில். வந்தவர்கள் ஆறு பேர். சாப்பாடு, கறிச் சோறு. நாகுமோ மூன்று முறை வாங்கினார். கமதா சானுக்கு இல்லாமல் போயிற்று.”

பின்னால் மூச்சு சீறுவதுபோல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். நாகுமோ இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தான், தோள்கள் குலுங்கின. சிரிப்பை அடக்குகிறான் என்று எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். கமதா சான் முழங்கையால் அவனை இடித்தார். ஆனால் கூடத்தில் இருந்தவர்களுக்கு அது வேறு விதமாகத் தெரிந்தது. வரிசை வரிசையாக மூக்கு உறிஞ்சினார்கள். கல்வித் துறை அதிகாரி தேம்பினார்.

“நான்காம் வருடம், பிப்ரவரி இருபது. பனி. வந்தவர்கள் ஆறு பேர். வராதவர், யாரும் இல்லை.”

இந்த இடத்தில் என் குரல் கொஞ்சம் வழுக்கியது. மண்ணெண்ணெய்ப் புகை. அப்படித்தான் நினைக்கிறேன். பியானோ அரை சுரம் ஏறியது. தொகாஷி ஆசிரியர் அழுதுகொண்டே வாசித்தார்.

விழா முடிந்ததும் அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். “நாம நினைச்சதைவிட நல்லா வந்துச்சும்மா. என்ன ஒரு எளிமை,” என்றார். “அடுத்த வருஷமும் மீன்லயே ஆரம்பிச்சிடலாம்.”

நாற்காலிகளை மடிக்கும்போது எண்ணினேன். நாற்பதில் முப்பத்தேழு பொட்டலம் பிரிந்திருந்தது. பிரியாத மூன்றில் ஒன்று ஆள் வராத நாற்காலி. ஒன்று விழா முழுக்கத் தூங்கிய பள்ளி மருத்துவருடையது. மூன்றாவது நாகுமோவின் அப்பாவுடையது. அதை நாற்காலியின் நடுவில் நேராக வைத்துவிட்டுப் போயிருந்தார்.

செருப்பு அலமாரி அருகே அவர் மகனுக்காகக் காத்திருந்தார். நாகுமோ என்னைக் கடந்து போகும்போது, பன்றி வறுவல் போட்ட நாளில் அடுப்பு பழுதாகவில்லை, அது அதற்கு மறுவாரம் என்றான். வராதவனுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவன் பூட்ஸை மாட்டினான்.

“அந்த மீனு நல்லா இருக்குமா?” என்று கேட்டார் அப்பா.

“உப்பு ஜாஸ்தி.”

“நான் வைக்கிறதுலயும் உப்பு ஜாஸ்திதான்.”

“ஆமா. ஆனா அதை இப்பச் சாப்பிடுறேன்ல.”

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தார். வாசல் வழியே பனி பட்டிருக்கலாம். இருவரும் வண்டியை நோக்கி நடந்தார்கள்.

வகுப்பறைக்குத் திரும்பி நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தை எழுதினேன். மார்ச் மூன்று. பனி. வந்தவர்கள் ஆறு பேர். வராதவர், யாரும் இல்லை. சாப்பாடு, சிவப்பு அவரைச் சோறு. ‘இன்றைய நிகழ்வு’ கட்டத்தைப் பேனாவோடு வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காலியாக விட்டேன்.